மூன்றாவது ஆள்

மருத்துவமனைப் படுக்கை விரிப்பைத் தனி ஆளாக மடிப்பது பெரும்பாடு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நான்கு முனைகளையும் பிடித்து, உதறி, நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். சலவைக்கூடத்தின் அந்த மேசையில் பல வருடங்களாக ஜோடி சேர்ந்திருந்த இருவரில் ஒருத்திக்குப் பட்டப்பெயர் வக்கீல். எதையும் கேள்வி கேட்காமல் விடமாட்டாள், கடவுளையும் விட்டதில்லை. மற்றவளை எல்லோரும் அக்கா என்றார்கள்.

முனைகள் சேரும்போது அக்கா ஒரு கணம் நிற்பாள். உதடு அசையும். இந்த விரிப்பில் படுப்பவர் நல்லபடியாக எழுந்து வீடு போக வேண்டும் என்ற வேண்டுதல்.

"செத்தவங்க விரிப்பும் இங்கதானே வருது? அன்னிக்கு உங்க ஆளு லீவா?" என்பாள் வக்கீல்.

"அவருக்கும் நம்மள மாதிரிதான். ஆள் பத்தாம வேலை பார்க்கறார்."

வக்கீலின் மகள் காய்ச்சலில் கிடந்தபோது அக்கா பக்கத்தில் இருந்து வேண்டிக்கொண்டாள். மருந்தும் நேரம் தவறாமல் கொடுத்தாள். குணமாக்கியது மருந்துதான் என்பது வக்கீலின் கட்சி. கதை சொல்லும் என் கட்சியும் அதுவே. ஆனால் கொடுத்தது யார் கை என்பதை எங்கள் இருவராலுமே மறக்க முடியாது.

ஒருநாள் மேற்பார்வையாளர் வந்து, இந்த மேசையில் மட்டும் ஏன் அடுக்கு குறைகிறது என்று கேட்டார். உலர்த்தும் இயந்திரம் பாதி ஈரத்தோடு துணியைத் துப்பிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லியிருக்கலாம். அக்கா தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வக்கீலுக்கு நாக்கு முந்திக்கொண்டது: "என்ன சார் பண்றது, இந்த மேசையில மூணு பேரு மடிக்கிறோம். மூணாவது ஆளு வர லேட்டாகுது." அக்காவின் வேண்டுதலை அறிந்த கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுநாள் அக்காவை அழுக்குத்துணி பிரிக்கும் அறைக்கு மாற்றினார்கள். இரத்தமும் சீழும் பட்ட துணி, கிழிந்த கையுறை. அதிகாரம் சும்மா சிரிப்பதில்லை, சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளும். ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய வக்கீலுக்கு அது தெரியாததல்ல.

"வயசாயிடுச்சுல்ல, அதான் மாத்திட்டாங்க," என்றாள் அக்கா, மதியச் சாப்பாட்டில். வக்கீல் தலை குனிந்து சாப்பிட்டாள். வாரக்கணக்கில் அப்படியே சாப்பிட்டாள். புதிதாக வந்த ஜோடி வேகமாக மடித்தாள். அடுக்கு அப்போதும் உயரவில்லை. ஈரத்துணிக்கு யார் மடித்தால் என்ன?

ஒரு மதியம் அக்காவால் தன் டிபன் டப்பாவின் மூடியைத் திறக்க முடியவில்லை. விரலிடுக்கெல்லாம் புண். வக்கீல் அதை வாங்கித் திறந்து வைத்துவிட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அக்கா டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"என் சாமிய நீ கிண்டல் பண்ணாத நாளே இல்ல. அது நமக்குள்ள. அவன் முன்னாடி ஏன்டி சொன்னே?"



வக்கீல் அன்றே மேற்பார்வையாளரிடம் போனாள். குறை இயந்திரத்தில்தான், நான் சொன்னது வெறும் கேலி என்றாள். அழுக்குத்துணி அறைக்கு ஒரு ஆள் வேண்டுமே என்றார் அவர். "நான் போறேன்," என்றாள்.

அக்கா மேசைக்குத் திரும்பினாள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வேறு பக்கம் உட்கார்ந்தாள். வக்கீல் அதைக் குறை சொல்லவில்லை. அவள் விரலிடுக்கிலும் புண் வந்தது.

பிறகு ஒருநாள் அக்கா வந்து எதிரே உட்கார்ந்தாள். வக்கீலின் டப்பாவை இழுத்து மூடியைத் திறந்து வைத்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை.

"நல்ல கையுறை கேட்டு மேலிடத்துக்குப் போகணும். நீ பேசு, நான் கூட நிக்கறேன்."

"ரெண்டு பேரு போனா மதிப்பாங்களாக்கா?"

"மூணு பேரு," என்றாள் அக்கா.

வக்கீலால் சிரிக்க முடியவில்லை. எழுந்து அவளோடு நடந்தாள்.