பின்னறைக்கும் அதே படம்

தையல்காரிக்கும் அவளுடைய அக்காவுக்கும் பேச்சு நின்று வெகு காலம் ஆகியிருந்தது. ஆனாலும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். அப்பா விட்டுப் போன வீடு. வாசல் கதவும் முன்னறையும் அக்காவுக்கு, பின்கதவும் பின்னறையும் தங்கைக்கு. நடுவில் இருந்த கதவை அக்கா தன் பக்கம் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தாள். இரண்டு அடுப்பு, இரண்டு விளக்குமாறு, இரண்டு குப்பைக்கூடை.

அக்கா டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போனபிறகு குடும்பம் அவள் சம்பளத்தில்தான் ஓடியது. தனக்கென்று அவள் கல்யாணம் காட்சி எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதைச் சொல்லிக் காட்டாமலும் இருந்ததில்லை. தங்கைக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். பெரியவளானதும் அது நின்றுவிட்டது. படிப்பு ஏறவில்லை. தையல் கற்றுக்கொண்டு பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தாள். காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் அவளைப் பெண் பார்க்க வந்தார். அவருக்கு இவளைப் பிடித்துப்போயிற்று. இவளுக்கும்தான். கிளம்புகிற நேரத்தில் அவருடைய அம்மா தண்ணீர் குடிக்க அடுப்படிப் பக்கம் போனாள். அக்காவும் கூடப் போனாள். அந்த அம்மாள் திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. மகனை அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு போனவள் பிறகு எந்தத் தகவலும் சொல்லவில்லை.

"அவங்ககிட்ட என்ன சொன்ன?" என்று தங்கை கேட்டாள்.

"வலிப்பு வரும்னு சொன்னேன்."

"அதுதான் நின்னுபோச்சே."

"நின்னுபோச்சுன்னும் சொன்னேன். உள்ளதைத்தானே சொன்னேன். பின்னாடி தெரிஞ்சா யாருக்கு அசிங்கம்?"

பேச்சு அன்றைக்கே நின்றுவிடவில்லை. தண்ணி வந்துச்சா, விளக்கை அணைச்சியா என்று சுருங்கிக்கொண்டே வந்து, அதுவும் தேய்ந்து, கடைசியில் மாமா வரும்போது அவர் வழியாக மட்டும் பேசிக்கொள்வது என்றானது. மாமா அவர்களுடைய அம்மாவின் தம்பி, மரக்கடை வைத்திருப்பவர். இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன மனிதர்.

தையல்காரிக்கு டிவி ஓடினால்தான் கை ஓடும். அவளுடைய பழைய பெட்டியில் ஆன்டெனா வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சேனலும் ஒருநாள் நின்றுபோனது. மாமா தன் மகள் வீட்டில் சும்மா கிடந்த தட்டை டிவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் மாடியில் டிஷ் ஒன்றுதான். அதற்கான ரிசீவரும் அக்காவின் அறையில் இருந்தது. மாமா கெஞ்சிக் கூத்தாடி அக்காவைச் சம்மதிக்க வைத்து, டிஷ்காரரைக் கூட்டி வந்தார்.

"ரிசீவர் ஒண்ணு, டிவி ரெண்டுன்னா, ரெண்டுலயும் ஒரே சேனல்தாம்மா வரும்" என்றார் டிஷ்காரர். "ஆளுக்கு ஒண்ணு பாக்கணும்னா இன்னொரு ரிசீவர் வாங்கணும்."

"வேண்டாம்" என்றாள் அக்கா. "நான் பாக்கறதை அவளும் பாக்கட்டும். இஷ்டம்னா வயரை இழுங்க."

மாமா அக்காவின் அறையிலிருந்தே நடுக்கதவு வழியாகத் தங்கைக்குக் குரல் கொடுத்தார். "கேட்டுச்சா? என்னம்மா சொல்ற?"

"படம் சுத்தமா வரணும் மாமா. பொரிபொரியா வர்றதா இருந்தா எனக்கு வேண்டாம்."

டிஷ்காரர் வேலையில் நேர்த்தி பார்க்கிற ஆள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனை வைத்த சாதாரண வயரை மாட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும், ஆனால் இந்த டிவியில் முகமெல்லாம் கலங்கித் தெரியும் என்றார். ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. துளையிலிருந்து ஒரு வயரை எடுத்து, ஒரே படத்தை இரண்டு வயருக்குப் பிரித்துக் கொடுக்கிற, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்ப்ளிட்டர் ஒன்றில் செருகினார். அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தார். அதிலிருந்து குட்டையான வயர் ஒன்று அக்காவின் டிவிக்குப் போனது. நீளமானது வென்டிலேட்டர் வழியாகப் பின்னறைக்கு வந்தது. முதலில் போட்ட வயரில் பின்னறைப் படம் விட்டு விட்டு வந்தது. அதை உருவி எறிந்துவிட்டு, கடைக்குப் போய்த் தடித்ததாக ஒன்று வாங்கிவந்து, நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே இழுப்பாக இழுத்தார். செய்தி வாசிக்கிறவருடைய புருவத்தில் முடி முடியாகத் தெரிந்தது. தையல்காரி சிரித்ததை மாமா அன்றைக்குத்தான் பார்த்தார்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. தங்கை எந்தத் தொடரை விரும்புகிறாள் என்பதை அக்கா எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டாள். கதாநாயகி உண்மையைச் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில் படம் மாறி, பங்குச்சந்தை எண்கள் ஓடும். சில நாள் சேனலை மாற்றமாட்டாள். ரிசீவரில் சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவாள். வாய்கள் அசைவது துல்லியமாகத் தெரியும்.

தையல்காரியும் சும்மா இருக்கவில்லை. அக்காவுக்குப் பழைய படங்களில் உயிர். பழைய படம் தொடங்கியதும் இவள் மெஷினை நடுக்கதவோடு ஒட்டிப் போட்டு, நூல் கோக்காமல், துணி வைக்காமல், வெறும் ஊசியை ஓட்டுவாள். படம் முடிகிறவரை ஓட்டுவாள்.

இப்படியே வருடங்கள் போயின. திரையைப் பார்த்தே அக்கா எப்போது கண்ணயர்கிறாள், எப்போது எரிச்சலில் இருக்கிறாள் என்று தங்கை சொல்லிவிடுவாள். வெளியே யாரிடமாவது பேச்சு வந்தால், "இன்னைக்கு அவளுக்கு மூட்டு வலி, சேனலைப் போட்டுப் பிசையறா" என்பாள்.

ஒருநாள் காலையில் டிவியைப் போட்டபோது பாத்திரம் விற்கிற சேனல் ஓடிக்கொண்டிருந்தது. ஒட்டாத வாணலி. ஒரு பெண் அதில் முட்டையை ஊற்றி வழுக்கிக் காட்டினாள். கழுவிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். தையல்காரி பள்ளிச் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டே காத்திருந்தாள். தொடர் நேரம் வந்தது, வாணலி போகவில்லை. முந்தின நாள் அக்காவுக்குப் பிடித்த படத்தின்போது மெஷினை ஓட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்தது. சரி, பழிவாங்குகிறாள்.

"பாக்கலாம்டி, யாரு முதல்ல விடறான்னு" என்று சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் நடுக்கதவுக்கு அப்பாலிருந்து டக் என்று சத்தம் கேட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. உலோகத்தில் உலோகம் தட்டுகிற சத்தம். தையல்காரி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். தட்டுகிறாள், மெஷினை நிறுத்து என்கிறாள். மெஷின் ஓடவே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்தும் அவள் எழுந்திருக்கவில்லை. மெஷினில் நூலைக் கோத்து, தைக்க வேண்டியதையெல்லாம் அன்றைக்கே தைக்க உட்கார்ந்தாள். மெஷின் நிற்கும்போது தட்டல் கேட்டது. ஓட்டினால் கேட்கவில்லை. ஓட்டினாள். இருட்டியபிறகு நிறுத்திப் பார்த்தாள். சத்தம் இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலையில் பால்காரர் பின்கதவுக்கு வந்தார். "முன்னாடி நேத்துப் போட்ட பால் பாக்கெட் அப்படியே கிடக்கு. அக்கா ஊர்ல இல்லையா?"

"அவளையே கேளுங்க."

"தட்டிப் பாத்தேன், தொறக்கலையே."

அவர்தான் மாமாவுக்குப் போன் செய்தார். மாமா வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து கடப்பாரை கொண்டுவரச் சொல்லி நடுக்கதவை நெம்பினார். கதவு முழுதாகத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அதை ஒட்டித் தரையில் அக்கா கிடந்தாள். வலது பக்கம் முழுக்கச் செத்திருந்தது. இடது கையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. கட்டில் கால் இரும்பு. அதில் தட்டித் தட்டிப் பெயின்ட் உதிர்ந்திருந்தது. ரிமோட் கட்டிலுக்கு அடியில் கைக்கு எட்டாமல் கிடந்தது. டிவியில் அந்தப் பெண் வாணலியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கண் திறந்திருந்தது. கதவிடுக்கில் தெரிந்த தங்கையைத்தான் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உயிர் தங்கும், பேச்சு வராது என்றார். "உடனே கொண்டுவந்திருந்தா இவ்வளவு போயிருக்காது. பக்கத்து ரூம்ல இருந்தீங்களே, ஒண்ணும் கேக்கலையா?"

"மெஷின் ஓடிட்டு இருந்தது" என்றாள் தையல்காரி. அது பொய்யில்லை. டாக்டர் மேற்கொண்டு கேட்கவில்லை. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நெம்பிய நடுக்கதவை மாமா கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தார், அது அப்படியே இருந்தது. பகலில் பார்த்துக்கொள்ள மாமா ஒரு நர்ஸை ஏற்பாடு செய்தார். தையல்காரி மெஷினை முன்னறைக்கு நகர்த்திக்கொண்டாள். தெருவில் அவளுக்கு நல்ல பேர் வந்தது. அத்தனை பகையையும் மறந்து அக்காவுக்கு மலம் மூத்திரம் அள்ளுகிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அள்ளத்தான் செய்தாள். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுவதை நர்ஸைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் நர்ஸ் கிளம்பிப் போனபிறகு, அக்காவின் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நேராகச் சொன்ன வார்த்தை அதுதான்.

"நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு. மத்தியானத்துல இருந்தே கேட்டுச்சு."

அக்காவின் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு ஒலி வந்தது. நல்லதாக இருந்த கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. தையல்காரி அதைத் துடைத்துவிட்டுப் பின்னலை முடித்தாள். ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள். இல்லை. பழகின ஒரு சண்டையில் எதிராளி பாதியில் எழுந்து போனதுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா தங்கையின் கையால் சாப்பிட மறுத்தாள். ஸ்பூனைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அதே கஞ்சியை நர்ஸ் கொடுத்தால் மடமடவென்று குடித்தாள். நர்ஸ் இதை மாமாவிடம் சிரிப்பாகச் சொன்னாள்.

அந்த வாரமே தையல்காரி நர்ஸை நிறுத்திவிட்டாள்.

"எதுக்கும்மா நிறுத்தின? பாவம், நல்லாத்தானே பாத்துக்கிச்சு" என்றார் மாமா.

"வெளியாள் எதுக்கு மாமா? நான் இருக்கேன்ல."

முதல் நாள் முழுக்க அக்கா வாயைத் திறக்கவில்லை. தையல்காரி வற்புறுத்தவும் இல்லை. கிண்ணத்தை அவள் கண்ணுக்குத் தெரிகிறமாதிரி ஸ்டூலில் வைத்துவிட்டுச் சீருடைகளுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். கஞ்சி ஆறி ஆடை கட்டியது. அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் மத்தியானம் அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள்.