பிஞ்சுப் பூவும் மார்கழிக் கோலமும்

ஆவுடைத்தாய்க்கு இருபத்து மூன்று வயதில் புருஷன் செத்துப்போனான். குற்றாலத்து மலையில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை பார்த்தவன்; மலைக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. செத்தவனுக்காகத் தெரு ஒருநாள் அழுதது. பதினாறாம் நாள் கூடி, உயிரோடு இருந்தவள் தலையிலிருந்து பூவைப் பிடுங்கியது. அந்த வேலையை மட்டும் ஒருவர்கூடச் சோம்பாமல் வந்து செய்து கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் சாக்கடை வீட்டுக்குள் ஏறும்போது மண்வெட்டி எடுத்து வராத நாற்பது வீட்டுக்காரர்கள் அவர்கள்.

அவளுக்கென்று மிஞ்சியது ஓர் ஓட்டு வீடும் அதன் பின்னால் பன்னிரண்டு சென்ட் மண்ணும். அதில் பூசணி, பீர்க்கு, கத்தரி போட்டாள். விற்றுச் சாப்பிட வேண்டும். வேறு வழி கிடையாது. முதல் வருஷம் கொடி நன்றாகப் படர்ந்தது. பூவும் பூத்தது. பிஞ்சு மட்டும் விரல்கடை அளவுக்கு வந்து, மஞ்சளித்து, உதிர்ந்துபோனது.

"அறுதலி கை பட்டா எது விளங்கும்?" என்றது தெரு. ஒரு வருஷம் அவளும் அதை நம்பினாள். தன் கையை வெறுப்பதைவிட மோசமான தண்டனை ஒரு மனுஷிக்கு உண்டா? அதை ஒரு காசு செலவில்லாமல் கொடுத்துவிடுகிறது நம்முடைய சமூகம்.

விடியற்காலையில் அவள் தெருவில் தலைகாட்டக் கூடாது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அவள் முகத்தில் விழித்துவிட்டால் என்ன ஆவது? அதனால் அவளுடைய விடியற்காலை எல்லாம் தோட்டத்தில் கழிந்தது. பூசணிக் கொடி முன்னால் குந்தியிருந்து பார்த்தாள். பூவில் இரண்டு வகை இருந்தது. ஒன்று நீளத் தண்டில் வெறும் பூ. மற்றதன் அடியில் சின்ன உருண்டையாக ஒரு பிஞ்சு. தண்டுப் பூவுக்குள் இறங்கிய தேனீ உடம்பெல்லாம் மஞ்சள் பொடியோடு வெளியே வந்து, பிஞ்சுப் பூவுக்குள் நுழைந்தது. அப்படித் தேனீ வந்துபோன பூவில் பிஞ்சு தங்கியது. வராத பூவில் மூன்றாம் நாள் உதிர்ந்தது. வெயில் ஏறினால் பூ மூடிவிடும். அதற்குள் தேனீ வந்தாக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அவள் கையைச் சபித்த தெருவில் ஒருத்தராவது ஒருநாள் குனிந்து பார்த்திருந்தால் போதும்.

தேனீ வர வேண்டுமானால் வருஷம் முழுக்க அதற்குத் தீனி வேண்டும். வரப்போரம் துளசி வைத்தாள், எள் தூவினாள், செண்டுப்பூ நட்டாள். தும்பையைக் களை என்று பிடுங்காமல் விட்டாள். கொத்தமல்லியில் பாதியை அறுக்காமல் பூக்க விட்டாள். நான்காம் வருஷம் ஒரு தேனீக் கூட்டம் வந்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த ஓட்டைப் பானைக்குள் குடியேறியது. அதற்கப்புறம் தென்காசிச் சந்தையில் அவள் பூசணியைத்தான் முதலில் கேட்டார்கள்.

உடனே தெரு பேச்சை மாற்றிக்கொண்டது. காய்க்காதபோது ராசியில்லாத கை, காய்த்தபோது கொள்ளிக்கண்.

அந்தப் பேச்சைத் தொடங்கியவர் மங்களேஸ்வரி ஆச்சி, பண்ணையார் சங்கரமூர்த்தியின் மனைவி. இரண்டு வீடு தள்ளி அவர்கள் வீடு. ஆச்சி வீட்டு மாட்டுக் கொட்டிலை ஒட்டியும் ஆறு பூசணிக் கொடி உண்டு. மார்கழி பிறந்தால் நாள் தவறாமல் வாசலில் கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகுவார். தண்டுப் பூ தலை சாய்ந்துவிடும். அடியில் பிஞ்சு உள்ள பூதான் சாணியில் ஆடாமல் நிமிர்ந்து நிற்கும். ஆகவே பிஞ்சுப் பூவாகத் தேடித் தேடிப் பறிப்பார். பிள்ளையைக் கருவிலேயே கிள்ளியெடுத்து வாசலில் நட்டுவிட்டு, "ஏன் பிறக்கவில்லை?" என்று கேட்கிற அறிவு அது. பறித்துத் தீர்ந்த பிறகு வேலைக்காரி முத்துவடிவு, ஆவுடைத்தாயின் வேலியைத் தாண்டிக் குதித்து அங்கே பறிப்பாள். விதவையின் முகம் ஆகாது. அவள் வீட்டுப் பூ பண்ணையார் வாசலுக்கு ஆகும்.

1936 மார்கழியில் ஆச்சி சிவகிரியிலிருந்து ஒரு கோடாங்கியை வரவழைத்தார். அவன் உடுக்கையை அடித்தான், ஆடினான், கண்டுபிடித்தான். பூவிழந்தவள் பூ வளர்ப்பதால் தெருவுக்குத் தோஷமாம். பூச்செடிகளைப் பிடுங்க வேண்டும், தேன்கூட்டைக் கொளுத்த வேண்டும். காய்கறிச் செடி இருக்கலாம். பண்ணையார் வீட்டுக் குழம்புக்குக் காய் வேண்டுமே. தெய்வம் அதை மறக்கவில்லை.

மறுநாள் காலை பண்ணையார் முன்னால் வர, கோடாங்கியும் தெருவும் பின்னால் வந்தார்கள். ஒருவன் கையில் தென்னை ஓலையில் கட்டிய சூட்டுப் பந்தம் புகைந்தது.

ஆவுடைத்தாய் பானைக்கு முன்னால் போய் நின்றாள். அந்தப் பானை போனால் கொடி காய்க்காது. காய்க்காவிட்டால் அடுத்தவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கத்தான் போக வேண்டும். அங்கேயும் புறவாசல் வழியாகத்தான்.

"விலகுட்டி. சாமி சொல்லிட்டு" என்றார் பண்ணையார்.

"சாமி என்ன சொல்லிச்சு அண்ணாச்சி? பூச்செடி எல்லாத்தையும் பிடுங்கணும்னா?"

"எல்லாத்தையும்தான்."

"பூசணியும் பூக்கத்தானே செய்யுது? அதையும் சேத்துப் பிடுங்குங்க. நாளைக்குக் காலம்பற ஆச்சி சாணி உருண்டையில என்னத்தச் சொருவுவாவ? அண்ணாச்சி மீசையையா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நெசவுக்காரர் மனைவி நூர்நிஷா நின்றிருந்தாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆவுடை, நல்லாக் கேட்டே போ!"

பண்ணையார் கை ஓங்கினார். ஆனால் பின்னால் நின்ற பெண்கள் கூட்டத்தில் சலசலப்பு. பறித்துப் பறித்து எல்லார் வீட்டுக் கொடியும் மொட்டை; பூ மிஞ்சியிருந்தது ஆவுடைத்தாய் தோட்டத்தில்தான். ஐந்து நாளில் திருவாதிரை; குற்றாலத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். வாசலில் பூ இல்லாமல் வெறும் சாணி உருண்டை இருந்தால் மானம் என்ன ஆவது? தோஷத்துக்குப் பயப்படாதவர்கள் பக்கத்து வீட்டுக் கோலத்துக்குப் பயந்தார்கள்.

"இந்த மாசம் போவட்டுமே, என்ன அவசரம்?" என்றார் மங்களேஸ்வரி ஆச்சியே.

கோடாங்கி கண்ணை மூடித் திறந்தான். தோஷம் தை பிறந்தால்தான் பிடிக்குமாம். பண்ணையார் வீட்டுக் கொட்டிலில் ஒரு மந்திரத் தகடு புதைத்து, ஒரு சேவலும் ஒரு வேட்டியும் வாங்கிக்கொண்டு போனான்.

"பூ நானே பறிச்சுத் தாரேன். ஒருத்தரும் வேலியத் தாண்டக் கூடாது" என்றாள் ஆவுடைத்தாய். மறுநாளிலிருந்து தண்டுப் பூவாகப் பார்த்து, தேனீக்கு வேண்டியதை விட்டுவிட்டுப் பறித்துக் கொடுத்தாள்.

"இது தலை சாயுதே" என்றாள் முத்துவடிவு.

"ஈர்க்குச்சி குத்தி நிப்பாட்டு. மனுசியவே ஒதுக்கி நிப்பாட்டி வச்சிருக்கிய, ஒரு பூவை நிப்பாட்டத் தெரியாதா?"

இருபது நாள் ஆச்சி தன் கொட்டிலில் ஒரு பூவையும் தொடவில்லை. ஆவுடைத்தாயின் தேனீக்களுக்கு வேலியும் தெரியாது, தோஷமும் தெரியாது. கொட்டிலில் பதினொரு பிஞ்சு தங்கிப் பருத்தது. தெரு முழுக்கத் தகட்டின் மகிமையே பேச்சு.

தை மூன்றாம் நாள், சொன்ன சொல் தவறாத மனிதராகப் பண்ணையார் சூட்டோடு வந்துவிட்டார்.

இந்தத் தடவை ஆவுடைத்தாய் குறுக்கே நிற்கவில்லை. "ஆச்சி, ஒங்க கொட்டில்ல எத்தன பிஞ்சு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. எல்லாம் தகடு வச்ச பலன்."

"இன்னும் பூ வருதா?"

"வராமலா? தெனம் நாலு விரியுது."

"அப்ப நல்லதாப் போச்சு. கொளுத்துங்க. இனிமே விரியுத பூவுக்கெல்லாம் தகடு மஞ்சப் பொடி தூவி விடுதான்னு பாப்போம். ஒங்க கொட்டில்ல பூவுக்குள்ள நுழைஞ்சு வாரது என் பானைத் தேனீதான். இன்னைக்குக் காலம்பற நீங்களே பாத்திருப்பீயளே, ஆச்சி."

ஆச்சி பார்த்திருந்தார். இருபது நாளாகப் பிஞ்சை எண்ணப் போன இடத்தில் பார்க்காமல் இருக்க முடியாது. கோடாங்கியைப் பொய்யன் என்றால் தானும் முட்டாள் என்று ஆகிவிடும். தேனீயைக் கொளுத்தினால் பூசணி போய்விடும்.

"சூட்டை அணையுங்க" என்றார் புருஷனிடம். "நாள் நல்லாயில்ல. பிறகு பாத்துக்கிடலாம்."

அந்தப் பிறகு வரவே இல்லை. ஒரு மன்னிப்பும் வரவில்லை. இருபத்து மூன்று வயதிலிருந்து இழைத்த அநியாயத்துக்கு, நாள் சரியில்லை என்பதுதான் அந்தத் தெரு எழுதிக் கொடுத்த தீர்ப்பு.

மாசி மாதம் ஒருநாள் மத்தியானம், தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆச்சி வேலியோரம் வந்து நின்றார். "ஏட்டி ஆவுடை, துளசி நாத்தும் செண்டு நாத்தும் இருந்தாக் கொஞ்சம் தாயேன்" என்றார் மெல்ல.

ஆவுடைத்தாய் வேரில் மண் உதிராமல் இருபது நாற்றைப் பறித்து வாழையிலையில் சுற்றினாள். வேலி வழியாக நீட்டவில்லை.

"வாசல் வழியா வாங்க ஆச்சி! தாரேன்!" என்றாள், நாற்பது வீட்டுக்கும் கேட்கிற குரலில்.

ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. ஆச்சி சுற்றிக்கொண்டு வாசல் வழியாகத்தான் வந்தார்.