உஷாராணியின் இரண்டு டிஸ்க்குகள்

மலேசியாவின் கிள்ளானில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுக்கும் உஷாராணிக்கு வாய் கொஞ்சம் நீளம். இருபத்திரண்டு வருடத்தில் கணவர் பழனியப்பன் சொன்ன எதையும் அவர் பதில் சொல்லாமல் விட்டதில்லை. லோரி ஓட்டும் பழனியப்பனோ புது டயருக்குக்கூடக் குங்குமம் வைப்பவர்.

பழைய கணினி வேலை நடுவில் அடிக்கடி உறைந்துபோனதில் கடுப்பாகி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தானே பாகம் பாகமாகக் கட்டப்போவதாக உஷாராணி அறிவித்தார். மூன்று மாதம் உட்கார்ந்து படித்தார். திட்டம் எளிதுதான். புதிதாக வாங்கிய சின்ன டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து அதில் லினக்ஸ். பெரிய டிஸ்க்கில் வீடியோக்கள். அதை 'கல்யாணம்' என்ற ஃபோல்டரில் இணைத்துவிட்டால், நாளைக்கு லினக்ஸை இடித்துக் கட்டினாலும் வீடியோக்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பெரிய டிஸ்க்கில்தான் அடுத்த வீட்டுச் சந்திரகலாவின் ஒரே மகளுடைய கல்யாணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கொடுக்க வேண்டும். கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்காக அழித்தாயிற்று. வேறு பிரதி கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை, கணினி இரண்டு டிஸ்க்குக்கும் வைத்திருந்த பெயர்களைத் தாளில் குறித்துக்கொண்டார். எஸ்டிஏ சின்னது, எஸ்டிபி பெரியது. சின்னதை முழுக்க அழித்துப் பிரிக்கும் கட்டளையை அடிக்கப்போன நேரம் பழனியப்பன் கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்தரை.

"ராகு காலம்லா. பன்னெண்டு மணிக்கு மேல செய்."

டிஸ்க்குக்கு ஏது ராகு, கேது என்று உஷாராணி கேலி செய்தார். செய்துவிட்டுக் கணினியை அணைத்தார். அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் விளையாட அவருக்கும் பயம்தான்.

சமையலை முடித்து வந்து, பன்னிரண்டு அடித்ததும் கணினியைப் போட்டுத் தாளைப் பார்த்துக் கட்டளையை அடித்தார். விரல் என்டர் மேல் இருந்தது. பழனியப்பன் டீயை வைத்தபடி பெருமையாகச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் உள்ள எவ்ளோ தூசி தெரியுமா? நீ சமைக்கிறப்ப வயரெல்லாம் கழட்டித் தொடச்சு மாட்டி வச்சிட்டேன்."

விரல் நின்றது. அளவைப் பார்த்தார். இப்போது எஸ்டிஏ நாலு டெராபைட், அதாவது பெரியது. வயர்கள் இடம் மாறியதில் பெயர்களும் மாறியிருந்தன. என்டரைத் தட்டியிருந்தால் கல்யாணமே அழிந்திருக்கும். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

அடித்ததை அழித்துவிட்டு, அளவைப் பார்த்துப் பார்த்துச் சின்ன டிஸ்க்கைப் பிரித்தார். எது எங்கே இணைய வேண்டும் என்று எழுதி வைக்கும் கோப்பில் அந்தப் பெயர்களைச் சேர்க்கவே இல்லை. ஒவ்வொன்றின் நீண்ட அடையாள எண்ணைத்தான் எழுதினார். ஆள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அடையாள அட்டையிலுள்ள ஐசி நம்பர் மாறாதே. மாலையில் புது லினக்ஸ் எழுந்தது, 'கல்யாணம்' திறந்தது, எல்லாம் பத்திரமாக இருந்தது. வயர் மாறிய கதை கணவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா வீட்டுத் தொலைக்காட்சியில் கெட்டிமேளம் முழங்கியது. சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பழனியப்பன் மனைவி பக்கம் சாய்ந்தார்.

"பாத்தியா? நல்ல நேரத்துல ஆரம்பிச்சோம், அதான்."

ராகு காலத்தில் வயரைக் கழற்றியது யார் என்ற பதில் உஷாராணியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் கணவரின் தட்டிலிருந்த லட்டை முழுசாக எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.