கொழுத்த சூரியகாந்திகள்

பேட்டரித் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர்களில் இருமல் இல்லாதவர் அவர் ஒருவர்தான். மேலாளர் அறை வாசலில் இருந்த ரோஜாச் செடிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சோதனைக்கு வரும் அதிகாரிகள் ரோஜாக்களைப் பார்ப்பார்கள், எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிவிட்டுப் போவார்கள். ஊரில் அவருக்கு ரோஜாக்காரர் என்றே பெயர்.

தொழிற்சாலை மூடியபோது முதலாளிகள் இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மண்ணில் ஊறியிருந்த ஈயத்தை ஊருக்கு விட்டுவிட்டார்கள். அங்கே பூங்கா அமைக்க நகராட்சி ஒரு வடிவமைப்பாளரை அழைத்தது. அந்தப் பெண் விரித்த வண்ணப் படத்தில் நடைபாதை, குளம், பெஞ்சு எல்லாம் இருந்தன. அதற்கெல்லாம் முன்னால் நிலம் முழுக்கச் சூரியகாந்தி போட வேண்டும் என்றார்.

"இது அழகுக்கு இல்லீங்க ஐயா," என்றார், செடிகளைப் பார்த்துக்கொள்ள நகராட்சி அமர்த்தியிருந்த ரோஜாக்காரரிடம். "வேர் ஈயத்த உறிஞ்சி மேல கொண்டுவரும். அப்புறம் செடியப் பிடுங்கி பத்திரமா அப்புறப்படுத்திடுவோம். தண்ணி மட்டும் ஊத்துங்க. எரு, சாம்பல், எலும்புத்தூள் எதுவும் கூடாது. போட்டா ஈயம் மண்ணவிட்டு நகராது."

"சரிங்க மேடம்."

மண் சுத்தமானால் அவருக்கு நிரந்தர வேலை. பூங்கா மூலையில் இரண்டறை வீடு.

செடிகள் முளைத்தன. முழங்கால் உயரத்தில் வெளிறி நின்றுவிட்டன. ரோஜாக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"பெத்த பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்பகூட மூஞ்சிய இப்படித் தொங்கப் போடல நீங்க," என்றாள் மனைவி.

"அவளுக்கு வாய் இருந்துச்சு, கேட்டா. இதுங்க கேக்குமா?"

கொஞ்சம்தானே என்று ஒரு கூடை எரு போட்டார். அப்புறம் எலும்புத்தூள். அப்புறம் சாம்பல். செடிகள் ஆள் உயரம் தாண்டின. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. காதலர்கள் வேலிக்கு வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நகராட்சி ஆணையர் வேலிக்கு உள்ளேயே நின்று எடுத்துக்கொண்டார். மேடம் மட்டும் சிரிக்காமல் இலைகளைக் கிள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

இலையில் ஈயமே இல்லை என்று முடிவு வந்தது.

"அப்ப சுத்தம்!" என்றார் ஆணையர்.

"சார், இலைக்கு வரலன்னா மொத்தமும் மண்ணுலயே இருக்குன்னு அர்த்தம்."

"இல்லைங்கிறத இல்லைன்னு எழுதுறதுல உங்களுக்கு என்னம்மா கஷ்டம்? ஞாயித்துக்கிழமை திறப்பு விழா."

வீட்டுச் சாவி ரோஜாக்காரர் கைக்கு வந்தது. மனைவி உடனே மகளுக்குப் போன் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடச் சொன்னாள். பேரனுக்குத் தவழ்கிற வயது. கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குத்தான் போகும்.

ரோஜாக்காரர் ஆணையர் முன்னால் போய் நின்றார். "சார், எரு போட்டது நான்தான். ஈயம் அப்படியே கெடக்கு."

"நல்லாத்தானே வளத்திருக்கீங்க? மேடையில உங்களுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்."

ஞாயிறு காலை, விருந்தினர் வருமுன், அவர் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். சாவியை இடுப்பில் செருகியபடி மனைவி ஓடிவந்தாள்.

"உங்களுக்குப் பைத்தியமா?"

"பேரன் இந்த மண்ணத் திம்பான்டி."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு மறுகோடிக்குப் போய் அவளும் பிடுங்க ஆரம்பித்தாள்.

ஆணையர் வந்தபோது ரிப்பன் இருந்தது, மைக் இருந்தது, தோட்டம் இல்லை. உரையை மாற்ற நேரமில்லாததால் வெறும் மண்ணைப் பார்த்துப் பசுமையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். கைதட்டினார்கள்.

"பூ எங்க சார்?" என்றார் ஒரு நிருபர்.

"மண் சோதனை இன்னும் முடியல," என்று ஆணையர் சொல்ல வேண்டிவந்தது. ரிப்பனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

மேடம் புது விதை கொண்டுவந்தார்.

"இன்னும் நான்தானா?" என்றார் ரோஜாக்காரர்.

"வேற ஆள் வெச்சா அவரும் பாவம் பாப்பார். பாத்தா என்ன ஆகும்னு உங்களுக்காவது தெரியும்."

செடிகள் முளைத்தன, வெளிறின. மனைவி மதியச் சோறு கொண்டுவந்தபோது ரோஜாக்காரர் செடிகளுக்கு முதுகைக் காட்டி நின்றபடி குழாயைப் பின்பக்கமாகப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பாதித் தண்ணீர் அவர் செருப்பில்.

"திரும்பிப் பாத்துதான் ஊத்துங்களேன்."

"பாத்தா போட்டுடுவேன்," என்றார்.