வடை நேரத்து விண்ணப்பம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் கல்விக் குழு கூடுகிற நாளில் மணி நாலானால் மத்தூர் வடை வரும். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித்தான். கேன்டீன்காரர் தட்டுகளோடு தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். வெங்காய வாசனை அறை முழுக்கப் பரவும். அதுவரை பாடத்திட்டத்தில் ஒரு வார்த்தைக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டிய பேராசிரியர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். மீதமிருக்கும் பொருள்களைப் பதிவாளர் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அப்ரூவ்ட்?" என்பார். "அப்ரூவ்ட்" என்று வாயில் வடையோடு பதில் வரும். கூட்டம் முடிந்தது.

அந்தக் கூட்டத்துக்குப் பொருள் பட்டியல் தயாரிப்பவள் நான்தான். பிரிவின் கண்காணிப்பாளர். எது முதலில், எது கடைசியில் என்று வரிசை போடுவது என் கையில். தகராறு வரும் என்று தெரிந்ததையெல்லாம் வாலில் கொண்டுபோய் வைத்துவிடுவேன், வடையோடு வடையாகப் போய்விடட்டும் என்று. எங்கள் பிரிவில் அதற்கு 'வடை அயிட்டம்' என்றே பெயர். இருபத்தாறு வருஷத்தில் என் கணக்கு ஒரு தடவையும் பிசகியதில்லை. அதில் எனக்குக் கர்வமும் இருந்தது, மறைப்பானேன்.

நகரத்தில் அடுகோடி என்ற பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஒருத்தி. ஆம்பூர்ப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இந்தக் கன்னட ஊருக்கு வந்தவள், என்னிடம் தமிழில்தான் பேசுவாள். வேலை பார்த்துக்கொண்டே எங்களிடம் பிஎச்.டி.க்குப் பதிவு செய்திருந்தாள். நகரத்து ஏரிகளின் சேறுதான் அவளுடைய ஆராய்ச்சி. பள்ளி விட்டதும் பஸ் பிடித்து, திருத்தாத விடைத்தாள்கள் பிதுங்கும் பையோடு என் கவுன்ட்டருக்கு வந்து மூச்சு வாங்க நிற்பாள். "அக்கா, இன்னும் மூடலியே?" என்பாள். மூடும் நேரம் தாண்டியிருக்கும். அவளுக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருப்பேன்.

ஆய்வேடு எழுதி முடித்துவிட்டாள். ஆனால் கொடுக்க வேண்டிய கெடு தாண்டிப் போயிருந்தது. கல்விக் குழு விசேஷ நீட்டிப்பு கொடுத்தால் நாங்கள் ஆய்வேட்டை வாங்கிக்கொள்ளலாம். மாதக் கடைசிக்குள் அது கிடைக்காவிட்டால் பதிவு ரத்து. ஆறு வருஷ உழைப்பும் போய்விடும். மறுபடி நுழைவுத் தேர்விலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

விண்ணப்பத்தைக் கொண்டு வந்தபோது நடந்த உண்மையை அப்படியே எழுதியிருந்தாள். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். புது வழிகாட்டியை நியமிக்க அலுவலகம் எட்டு மாதம் எடுத்துக்கொண்டது. அதனால்தான் தாமதம். படித்ததும் அந்தத் தாளைச் சட்டென்று கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால் அந்த எட்டு மாதமும் அவளுடைய கோப்பு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். பழைய கட்டடத்திலிருந்து புதுக் கட்டடத்துக்கு மாறியபோது, விடுதி அறை ஒதுக்கீட்டுக் கட்டோடு சேர்த்து அதையும் கட்டிவிட்டோம். கட்டச் சொன்னவள் நான். கண்டெடுத்த அன்று வாயைத் திறக்காமல் அன்றைய தேதியைப் போட்டு மேலே அனுப்பியவளும் நான்.

"இதெல்லாம் எதுக்கும்மா எழுதுற? 'சொந்தக் காரணங்களால் தாமதம்'னு ஒரு வரி போடு. எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்றேன்.

"ஆனா என்னால லேட் ஆவலியேக்கா?"

"உனக்கு பர்மிஷன் வேணுமா, நியாயம் வேணுமா?"

அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். வேறு தாள் வாங்கி, நான் சொன்ன வரியை எழுதிக் கொடுத்தாள். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

நான் பயந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான். குழுவில் ஒரு பேராசிரியை உண்டு. நீட்டிப்பு என்ற வார்த்தை காதில் விழுந்தாலே "நோ" என்பார். நாங்கள் வைத்த பெயர் நோ மேடம். அவரிடமிருந்து தப்பத்தான் அந்த விண்ணப்பத்தைப் பட்டியலின் கடைசியில் வைத்தேன். கச்சிதமான வடை அயிட்டம்.

அந்த மாதம்தான் புதுத் துணைவேந்தர் வந்திருந்தார். மணி நாலானது. கதவு திறக்கவில்லை. அறைக்கு வெளியேயிருந்து வடை வாசனை மட்டும் வந்தது. துணைவேந்தர் வாட்சைப் பார்த்தார். "டிபன் பக்கத்து அறையில் இருக்கிறது. நேரமாகிவிட்டது. பேசாத பொருள்கள் அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும். படிக்காமல் எதையும் நிறைவேற்ற வேண்டாம்" என்று எழுந்துவிட்டார். அடுத்த கூட்டம் மூன்று மாதம் கழித்து. மாதம் முடிய இருந்ததோ பதினோரு நாள்.

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒரு பெண்ணின் ஆறு வருஷத்தைக் கொண்டுபோய் ஒரு தட்டு வடையை நம்பி வைத்தேனே, எனக்குப் புத்தி இருக்கிறதா என்று பக்கத்து அறையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். வடையைத் தொடவில்லை.

மறுநாள் சாயந்திரம் அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலாம். பையைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வூட்ல இன்னா சொல்வேன்க்கா? ஏற்கெனவே அவர் அந்த விண்ணப்பத்தோட காப்பிய பாத்துட்டாரு. 'நீயே எழுதிக் குட்த்துருக்க பாரு, சொந்தக் காரணம்னு. உன்னால முடியல, அவ்ளோதான், ஒத்துக்கோ'ன்றாரு. இப்போல்லாம் எனக்கே அப்டித்தான் தோணுது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. "அழாத. மாசம் இன்னும் முடியல. நான் பாத்துக்கறேன், நீ போய்ப் புள்ளைங்களப் பாரு" என்று அனுப்பினேன். எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று அந்த நிமிஷம் எனக்கே தெரியாது.

வழி ஒன்று இருந்தது. அவசரம் என்றால் கூட்டம் போடாமலே உறுப்பினர்கள் ஒவ்வொருவரிடமும் குறிப்பைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கலாம். யாரையும் விடக்கூடாது. பாதிப் பேருக்கு மேல் போட்டால் நிறைவேறும். ஆனால் யாராவது ஒருத்தர் ஆட்சேபித்து எழுதினாலும் போச்சு, அடுத்த கூட்டம்தான். பதிவாளர் தலையைச் சொறிந்தார். கன்னடத்தில், "எல்லாரும் சரி, அந்த மேடத்தை என்ன செய்வீர்கள்?" என்றார். "கடைசியாகப் போகிறேன் சார்" என்றேன். பழக்க தோஷம், மறுபடியும் கடைசிதான்.

நாலு நாளில் ஓடி ஓடிப் பாதிக்கு மேல் வாங்கிவிட்டேன். ஒருத்தரை வகுப்பு வாசலில் மடக்கினேன். ஒருத்தர் பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தார், வாயைத் திறந்தபடியே கையெழுத்துப் போட்டார். ஒருத்தரும் குறிப்பைப் படிக்கவில்லை. "எங்கே போடணும்?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து விவேக் நகர் போனேன். நோ மேடத்தின் வீட்டு வாசலில் ஒரு மீன்காரர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். மேடம் நைட்டியில் நின்று, "இது நேத்து மீனுப்பா, என்கிட்டயே கத வுடாத" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருஷமாக இவரிடம் நான் கன்னடத்தில் பேசுகிறேன், அவரும் கன்னடத்தில்தான் பதில் சொல்வார்.

"மேடம், நீங்க தமிழா?"

"நீங்களுமா? இத்தன வருஷமா வாய்ல என்ன வெச்சிருந்தீங்க? உள்ள வாங்க."

காபி கொடுத்தார். இனி எல்லாம் சுலபம், நம்ம ஆள்தானே என்று நினைத்தேன். மனசு அப்படித்தான் அல்பமாகக் கணக்குப் போடும். அவரோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குறிப்பை ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"சொந்தக் காரணம்னா என்ன காரணம்?"

"அது... வீட்டுப் பிரச்சனைங்க மேடம்."

"என்ன பிரச்சனை?"

அவர் குறிப்பை மேஜையில் வைத்தார். "எனக்கு நீங்கல்லாம் வெச்சிருக்கற பேரு தெரியும். ஏன் நோ சொல்றேன்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா? வர்ற எல்லா விண்ணப்பத்துலயும் இதே ஒரு வரி. சொந்தக் காரணம், சொந்தக் காரணம். காரணம் என்னன்னே சொல்லாம கேட்டா நான் எதுக்கு எஸ் சொல்லணும்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை. ஆனால் அவரிடம்தான் கொட்டினேன். "சொந்தக் காரணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல மேடம். அந்தப் பொண்ணு மேல தப்பே கெடையாது. அவ ஃபைல விடுதிக் கட்டோட கட்டி எட்டு மாசம் தொலச்சது நாங்க. நான்தான் அந்த வரிய எழுத வெச்சேன். போதுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ இதுல இருக்கறது பொய். பொய்க்கு நான் கையெழுத்து போட மாட்டேன். இப்போ என்கிட்ட சொன்னீங்களே, அத எழுதிக் கொண்டு வாங்க. மொத கையெழுத்து என்னுது."

"எழுதுனா எனக்கு மெமோ வரும் மேடம்."

"வரும்" என்றார். காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து மூன்று பஸ்ஸை விட்டேன். பதவி உயர்வுப் பட்டியலில் அந்த வருஷம் என் பெயர் இருந்தது. ஓய்வுக்கு முன் துணைப் பதிவாளராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை, ரொம்ப நாள் ஆசை. பேசாமல் அவளிடம் கைவிரித்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தேன். 'எனக்கே அப்டித்தான் தோணுது' என்று அவள் சொன்னது காதை விட்டுப் போகவே இல்லை. நாலாவது பஸ்ஸில் ஏறினேன்.

திங்கட்கிழமை புதுக் குறிப்பு எழுதினேன். 'இத்தாமதத்துக்கு விண்ணப்பதாரர் பொறுப்பல்ல. கட்டடம் மாறியபோது கோப்பு வேறு கட்டில் சேர்ந்துவிட்டதால் எட்டு மாதத் தாமதம் அலுவலகத்தால் ஏற்பட்டது. அப்போது பிரிவின் பொறுப்பில் இருந்தவள் நான்.' கீழே கையெழுத்துப் போட்டேன். பதிவாளர் படித்துவிட்டு, "இது வேண்டாமே, உங்களுக்கு ஏன் இந்த வம்பு?" என்றார். பாவம், நல்ல மனுஷர். "வரட்டும் சார், பார்த்துக்கலாம்" என்றேன்.

மேடம் சொன்னபடி முதல் கையெழுத்தைப் போட்டார். மற்றவர்களிடம் மறுபடி அலைந்தேன். இந்தத் தடவை எல்லாரும் படித்தார்கள். பல் வலிக்காரர்கூட முழுக்கப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். துணைவேந்தர் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த விடுதிக் கட்டில் வேறு யாருடைய கோப்பாவது இருக்கிறதா?" பிரித்துப் பார்த்துவிட்டேன் சார், வேறு இல்லை என்றேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.

மெமோ அடுத்த வாரமே வந்தது. பதில் எழுதினேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் ஒரு வருஷம் தள்ளிப் போனது. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்றிலிருந்து பட்டியலில் நீட்டிப்பு விண்ணப்பங்களை முதலில் வைக்கிறேன், என்ன காரணமோ அதை அப்படியே எழுத வைக்கிறேன். அதன் பிறகு வந்த கூட்டத்தில் நோ மேடம் மூன்று விண்ணப்பத்துக்கு "எஸ்" சொன்னார். வடை இப்போது பக்கத்து அறையில் கிடைக்கிறது. ஆறிப் போயிருந்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கெல்லாம் முன்பு, அந்த மாதத்தின் கடைசி நாள் மூன்று மணிக்கே, அரை நாள் லீவு போட்டுவிட்டு அவள் வந்தாள். ஆய்வேட்டின் பிரதிகளை ஜன்னல் வழியே ஒவ்வொன்றாக நீட்டினாள். தேதி முத்திரையை ஓங்கிக் குத்தினேன், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். ரசீது கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை.

"அக்கா, அந்த நோட்டுல நீங்க எழுதுனத பாக்கலாமா?"

கோப்பைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்து, உதடு அசைய, இரண்டு தடவை படித்தாள். 'விண்ணப்பதாரர் பொறுப்பல்ல' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இந்தப் பக்கத்த மட்டும் ஒரு ஜெராக்ஸ் குடுக்க முடியுமாக்கா? வூட்ல காட்டணும்."

"குடுக்கறேன். சீல் போட்டே குடுக்கறேன்" என்று எழுந்தேன்.

"ரெண்டா போடுங்கக்கா. ஒண்ணு அவருக்கு. ஒண்ணு எனக்கு."

இரண்டு நகலிலும் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தனக்கென்று கேட்டதை அவள் பையில் வைக்கவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள்.