பாஸ் ஊற்றிய ஒயில்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். சில நாட்கள் மாத்தளையில், சில நாட்கள் தம்புள்ளையில். சத்தியம் செய்துவிட்டு ஒருவர் தமிழில் சொல்லும் பொய்யை ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் எடுத்துச் சொல்வது என் தொழில். பொய்யின் வாசனை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நான், என் காரைச் சேர்விஸ் செய்யும் மனிதரிடம் ஒரு நாளும் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மேசனோ மெக்கானிக்கோ, கைத்தொழில் தெரிந்தவரென்றால் 'பாஸ்'தான். இந்தப் பாஸின் கராஜ் மாத்தளை டவுனைத் தாண்டி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்குப் பக்கத்தில் தகரக் கூரையோடு இருக்கிறது. எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்தவர். ஞாயிறு பூசையில் காணிக்கைத் தட்டோடு வருபவர். என் அப்பா இறந்தபோது யாரும் சொல்லாமலே வருகிறவர்கள் உட்காரத் தன் வேனில் கதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்து, அடக்கம் முடிந்த பிறகு அவரே திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். இப்படி ஒருவர் என்ஜினுக்குள் என்ன ஊற்றுகிறார் என்று எட்டிப் பார்ப்பது, பூசை நேரத்தில் திருப்பாத்திரத்தில் இருப்பது உண்மையான வைன்தானா என்று கேட்பதைப் போல எனக்குப் பட்டது.

கார் ஜப்பானில் செய்த சிறிய ஹைபிரிட். அதற்குத் தண்ணீர் போல மெல்லிய ஒயில்தான் ஊற்ற வேண்டும். புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது, ஒயில் ஊற்றும் மூடியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு சேர்விஸ் முடிவிலும் பாஸ் கையைத் துடைத்துக்கொண்டே, 'ஜப்பான்காரன் சொன்ன ஒயில்தான் மிஸ்' என்பார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன். வருடக்கணக்காகக் கார் ஒரு இருமல்கூட இல்லாமல் ஓடியது.

என் கணவர் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிறருடைய கையெழுத்தைச் சந்தேகிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது; பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஓட்டுவார். வீட்டில் சும்மா இருந்த நாட்களில் போனில் என்ஜின் ஒயிலைப் பற்றிய வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அவர் பேச்சில் எங்கள் பிள்ளைகளின் பெயரை விட ஒயிலின் தடிப்பைக் குறிக்கும் எண்கள் அதிகம் வந்தன.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டார்.

"அவன் என்ன ஊத்துறான்னு நீ கண்ணால பாத்திருக்கியா?"

"இல்ல."

"அப்ப எப்படி நம்புற?"

நம்பிக்கைக்குக் காரணம் கேட்டால் அது பாதி செத்துவிடுகிறது. அப்பாவின் அடக்கத்துக்கு வந்த கதிரைகளைப் பற்றிச் சொன்னேன். கதிரை வேறு, ஒயில் வேறு என்றார். நியாயம்தான்.

அடுத்த முறை நான் தம்புள்ளை நீதிமன்றத்துக்குப் போனபோது அவரும் கூட வந்தார். நான் உள்ளே ஒரு காணி வழக்கில் மாட்டிக்கொண்டிருக்க, அவர் வெளியே உதிரிப்பாகக் கடைகளில் ஏறி இறங்கினார். மாலையில் மடியில் ஒரு கேனோடு காரில் காத்திருந்தார். சீல் உடையாத, மினுமினுக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய கேன். அந்த ஸ்டிக்கரைப் போனால் படம் பிடித்துப் பார்த்தால், அசல் தயாரிப்பு என்று திரையில் பச்சைக் குறியோடு வருமாம். எனக்காக மறுபடியும் பிடித்துக் காட்டினார். பச்சையாகத்தான் வந்தது. வழி முழுக்க அந்தக் கேனை, ஞானஸ்நானத்துக்குக் கொண்டுபோகும் பிள்ளையைப் போல மடியிலேயே வைத்திருந்தார்.

சேர்விஸ் நாளில் அந்தக் கேனைப் பாஸின் முன்னால் வைத்தார். பாஸ் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"சேர் கொண்டு வந்ததையே ஊத்தவா?"

அதைத்தானே சொல்கிறேன் என்றார் கணவர். ஒரு கதிரையை இழுத்து என்ஜினுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டு விழும்வரை கண் எடுக்கவில்லை. அன்று பாஸ் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருந்தது? நான் மிளகுக் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது பாஸின் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் எப்போதும் போல மெல்லத் தலையசைத்துவிட்டுப் போனார்.

சில மாதங்கள் கழித்து கலேவெலவில் சொந்தக்காரப் பிள்ளைக்கு முதல் நற்கருணை விருந்து. நாலந்தாவைத் தாண்டியதும் ஸ்டியரிங்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. கூடவே மிளகாய்த்தூள் மில்லில் கேட்பது போல ஒரு கரகரப்பு. வண்டியை ஓரம் கட்டினேன். மரக்கறி லொறிகள் எங்களை உரசிக்கொண்டு தம்புள்ளைக்குப் பறந்தன. கணவர் விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கி, பொனட்டைத் திறந்து பார்த்தார். வீடியோக்களில் இந்த இடம் வரவில்லை போலிருக்கிறது. பொனட்டை மூடிவிட்டு, 'அவனுக்கே போன் பண்ணு' என்றார்.

பாஸ் காரை ஏற்றிப் போகும் லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு குத்தல் பேச்சும் பேசவில்லை. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். விருந்துக்கு நாங்கள் போகவில்லை.

மறுநாள் என்ஜினைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒயில் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பாக, கட்டியாக, தொதல் இனிப்பைப் போல ஏதோ அப்பியிருந்தது. பழைய கழிவு ஒயிலை வடிகட்டி, நிறம் சேர்த்து, நல்ல கேனில் அடைத்து விற்கிறார்களாம். ஸ்டிக்கர்கூட அசலிலிருந்து பிரதி எடுத்ததாம். அதனால்தான் பச்சைக் குறி வந்தது. இந்த என்ஜின் இனித் தேறாது, ஜப்பானிலிருந்து இறக்கும் பழைய என்ஜின் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்றார்.

கணவர் அதே கதிரையில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"பாஸ், நான் உங்களச் சந்தேகப்பட்டது பெரிய பிழை. இத்தனை வருசமா நீங்க சரியான ஒயில ஊத்தி இந்தக் காரக் காப்பாத்தி வச்சிருந்தீங்க. நான்தான் கெடுத்தேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் நம்பிக்கை இத்தனை அழகாக நிரூபணமாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பாஸ் கையைத் துடைத்தார். ஏற்கனவே சுத்தமாக இருந்த விரல்களையும் துடைத்தார். வசவை வாங்கியிருந்தால் தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். மன்னிப்பைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"சேர், அப்படிச் சொல்லாதீங்க. அந்த ஜப்பான் ஒயில நான் ஒரு நாளும் வாங்கினதே இல்ல."

கராஜின் மூலையில் நின்ற பெரிய பீப்பாயைக் காட்டினார். லொறிக்கும் அதுதான், வேனுக்கும் அதுதான், மிஸ்ஸின் காருக்கும் அதுதான் என்றார். தடித்த ஒயில். பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடித்திருக்கும், வேறு ஒன்றும் ஆகியிருக்காது, நல்ல என்ஜின் என்று எங்களுக்கு ஆறுதலும் சொன்னார்.

நான் கணவரைப் பார்த்தேன். இடி விழுந்தவர் போல இருப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்றார் என்னிடம்.

அவருடைய சந்தேகம் சரி. அதனால் கார் செத்தது. என் நம்பிக்கை பிழை. அதனால் கார் வருடக்கணக்காக ஓடியது. நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கு வந்தால் எந்தப் பக்கம் தீர்ப்பு எழுதுவார்கள் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் த்ரீவீலரில் அவர் நன்றாகப் பேசிக்கொண்டு வந்தார். எனக்கு ஏமாந்தது கூடப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து அந்த 'ஜப்பான்காரன்' வாக்கியத்தைப் பாஸ் எவ்வளவு இயல்பாகச் சொல்லியிருக்கிறார் என்று நினைத்துத்தான் ஆறவில்லை. பொய்யை வாசனையால் கண்டுபிடிப்பேன் என்ற என் பெருமை அந்தப் பீப்பாய்க்குள் போய்விட்டது.

மாற்று என்ஜினைப் பூட்டியதும் பாஸ்தான். வேறு யாரிடம் போவது? நடுவில் ஒருமுறை, கணவரின் பிடிவாதத்துக்காகக் கண்டியில் ஒரு பெரிய சேர்விஸ் நிலையத்துக்குப் போனோம். குளிரூட்டிய அறையில் எங்களை உட்கார வைத்து, பிளேன்டீயும் பிஸ்கட்டும் கொடுத்து, கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்க்கலாம் என்றார்கள். பார்த்தோம். கூரையிலிருந்து இறங்கிய குழாய் வழியாக ஒயில் என்ஜினுக்குள் போனது. அந்தக் குழாயின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று கணவர் கேட்டார். வரவேற்பில் இருந்த பெண் சிரித்துவிட்டு இன்னொரு பிளேன்டீ கொண்டு வந்தாள்.

திரும்பி வரும் வழியில் அவரே சொன்னார், நம்ம பாஸிடமே போகலாம் என்று. அவர் என்ன பொய் சொல்வார் என்றாவது நமக்குத் தெரியும், இவர்களுடைய பொய் என்னவென்று கண்டுபிடிக்கவே இன்னொரு என்ஜின் வேண்டும் என்றார்.

இப்போது கணவர் கராஜுக்கு வருவதில்லை. பாஸை முழுவதும் நம்புகிறார். உண்மையை ஒப்புக்கொண்ட மனிதன் மறுபடி ஏமாற்ற மாட்டான் என்பது அவருடைய வாதம். நான் நீதிமன்றத்தில் பார்த்தது வேறு மாதிரி. ஆனால் அதை வீட்டில் சொல்வதில்லை.

போன மாதம் சேர்விஸுக்குப் போயிருந்தேன். பாஸ் ஒரு கேனைத் திறந்து புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். இந்த முறை நானே போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"பாஸ், இது சரியான ஒயில்தானே?"

"நீங்க கேட்டதால சொல்றேன் மிஸ். சரியானதுதான்."

"கேக்காம விட்டிருந்தா?"

அவர் புனலை எடுத்து நன்றாகத் துடைத்தார். பிறகு மூடியை இறுக்கிவிட்டு, ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கச் சொன்னார். பண்ணினேன். சத்தமே இல்லாமல் ஓடியது.