லேபிளின் மேல் ஓர் அலுமினியத் தகடு

கம்ப்யூட்டர் டிரைவின் உத்தரவாத அட்டையில் ஏழாம் நிபந்தனை: டிரைவின் மேலுள்ள லேபிள் கிழிந்தாலோ அகற்றப்பட்டாலோ உத்தரவாதம் செல்லாது. ஒன்பதாம் நிபந்தனை: டிரைவின் வெப்பம் எழுபது டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வாங்கியவரின் பொறுப்பு. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆளாக இருந்தால், நான் வேலை பார்த்த இலாகாவில் அவர் வெகுதூரம் போயிருப்பார்.

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. ஆனி மாதக் கடைசியில் அறுவை சிகிச்சை. குரல் மாறலாம், போகவும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாசுரங்களை எல்லாம் அதற்குள் வீடியோவாகப் பதிந்துவிட வேண்டும் என்றாள். ஃபோனிலேயே சொல்கிறேன் என்றாள். அதில் இரைச்சல் விழும் என்று மறுத்தது நான்தான். நல்ல காமிரா, நல்ல மைக், புது கம்ப்யூட்டர் என்று எல்லாம் முறைப்படி வாங்கினேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்களுடையது மாடி வீடு. சித்திரை வெயில் தளத்தில் இறங்கி அறையில் உட்கார்ந்துகொள்ளும். பதிவுக்காக ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்துவோம். கால் மணி நேரத்தில், படத்தைச் சேமிக்கும் டிரைவ் எழுபது டிகிரியைத் தாண்டும். பிறகு தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கும். படம் பாதிப் பாட்டில் உறைந்து நிற்கும். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து மேஜை ஃபேனை வைத்துப் பார்த்தேன். பதிவில் ஃபேன்தான் பாசுரம் சொன்னது.

"ஏன்னா, இப்பவாவது ஆறித்தா?"

"எழுபத்தொண்ணு."

"எனக்கே அதுக்கு மேல இருக்கும். என்னை யார் அளக்கறா?"

திருச்சியில் கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்காரரிடம் போனேன். "சும்மா லெட்டர் அடிக்கிறவங்களுக்கு இதெல்லாம் தேவையே இல்ல சார். நீங்க மணிக்கணக்கா வீடியோ புடிக்கிறீங்க. அலுமினியத் தகடு ஒண்ணு தரேன், லேபிள் மேலயே ஒட்டிடுங்க. சத்தமே இல்லாம சூட்டை இழுத்துக்கும்."

"பின்னால எடுத்தா லேபிள் கிழியாதா?"

"கிழியும்."

"அப்ப உத்தரவாதம்?"

"எடுக்காதீங்க சார்!"

தகட்டை வாங்கி வந்தேன், ஒட்டவில்லை. டிரைவ் செத்தால் பதிந்ததும் போகும், ஈடும் கிடைக்காது என்பது என் வாதம். பதிந்ததற்கு வேறு இடத்தில் நகல் இருந்தது என்பதை வசதியாக மறந்திருந்தேன். லேபிளின் மேல் தகடு ஒட்டுவது ஏழாம் நிபந்தனையை மீறுவதாகுமா என்று நிறுவனத்துக்கு எழுதினேன். புகார் எண் வந்தது. பதினைந்து நாளில் முதல் நினைவூட்டல், அடுத்த பதினைந்தில் இரண்டாவது. இரண்டுக்கும் அதே எண் வந்தது.

அதுவரை இரண்டு பாட்டு, பிறகு அரை மணி ஓய்வு. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு காத்திருப்பாள். வைகாசி முடிவதற்குள் குரல் கம்மத் தொடங்கியது.

"அந்தத் தகட்டை ஒட்டித் தொலையுங்களேன். கம்பெனிக்காரன் வந்து பாக்கவா போறான்?"

"பதில் வரட்டும்."

"அதுக்குள்ள நான் ஊமையாயிடுவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஆஸ்பத்திரியில் சம்மதப் படிவம் நான்கு பக்கம். குரலிழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. யாருக்கும் எழுதிக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கட்டியில் விஷமில்லை என்றார்கள். உயிருக்குப் பயமில்லை. குரலுக்குப் பதில் காற்று வருகிறது. நூற்றுச் சொச்சம் பாசுரங்கள் பதியாமல் நின்றுவிட்டன. அவள் காபி வேண்டுமா என்று கையால் கேட்கிறாள்.

தகடு ஒட்டுவதில் ஆட்சேபம் இல்லை, லேபிளை அகற்றாதவரை உத்தரவாதம் செல்லும் என்று நிறுவனத்தின் பதில் வந்தது. அன்று ஆடி பதினெட்டு.